மிக்கேல் சம்மனசின் சிநேகிதன்

வியாழக்கிழமை விடிந்து கிறிஸ்டினா எழுந்து பார்த்தபோது, ஹாலில் இருந்த மிக்கேல் சம்மனசு பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கப் போகும்முன் அவரைக் குழந்தையின் தூளி தொங்கிய பக்கம் திருப்பி வைத்தவள் அவள்தான். தேவதூதரின் இரண்டடி உயர மரச் சுரூபம். கையில் ஈட்டி, முதுகில் நீலச் சிறகு, பவுடர் போட்டதுபோல் வெளுத்த முகம். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்த சைமன்ராஜ் ஜெபம் சொல்லும்போது கைபட்டுத் திரும்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவரை நேராக வைத்தாள். நெய்வேலியில் காலையில் துடைத்த பலகையில் மத்தியானத்துக்குள் சாம்பல் படிந்துவிடும். அந்தச் சாம்பலில், சுரூபத்தின் காலடியிலிருந்து பலகையின் விளிம்புவரை, விரலால் இழுத்ததுபோல் ஒரு கோடு இருந்தது. அதையும் நைட்டி ஓரத்தால் துடைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனாள்.

சம்மனசு அந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தது திங்கட்கிழமை. சைமன்ராஜின் ஊர் கம்மாபுரத்துப் பக்கம் இருந்தது. இப்போது இல்லை. அந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கிறது, பள்ளத்தின் அடியில் நிலக்கரி இருக்கிறது. நிலம் கொடுத்ததற்கு அவனுக்கு மைன்ஸில் வேலை கிடைத்தது. ஊர்க்கோயிலில் மிஞ்சியது இந்தச் சுரூபம் ஒன்றுதான். ஊர் போனாலும் வழக்கம் போகுமா? பிள்ளை பிறந்த வீட்டில், ஞானஸ்நானம் ஆகும்வரை மிக்கேல் சம்மனசு காவல் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் கட்டளை. தண்ணீர் படாத தலை, சாத்தாத கதவு என்பார்கள்.

முதல் குழந்தைக்கு அதெல்லாம் எதற்கு என்று சைமன்ராஜே சொல்லிவிட்டான். அந்தக் குழந்தை பெயர் வைக்காமலே எட்டாம் நாள் போய்விட்டது. அதனால் இந்த முறை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கிறிஸ்டினா பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும், அதுவரை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும், இதுதான் அவள் நினைப்பாக இருந்தது.

சுரூபத்தைப் போர்வையில் சுற்றி டிவிஎஸ் ஐம்பதில் கொண்டுவந்தவர் ராயப்பன். சைமன்ராஜின் பெரியப்பா, அந்தக் காலத்தில் ஊர்க்கோயிலில் ஜெபம் நடத்திய உபதேசியார். ஹாலில் பலகை போட்டு, முதலில் சம்மனசின் காலுக்கடியில் இருக்க வேண்டிய இன்னொரு சுரூபத்தை வைத்தார். கறுத்த உடம்பு, குட்டைக் கொம்பு, குப்புறப் படுத்த வாகில் தலையை மட்டும் திருப்பி மேலே பார்க்கும் பசாசு. அதன் முதுகில் ஒரு துளை. சம்மனசின் பாதத்திலிருந்த மரமுளையை அந்தத் துளையில் இறக்கினார். இரண்டும் ஒன்றாக நின்றன.

"காடாம்புலியூர்ப் பலா மரம். ரெண்டும் ஒரே மரத்துல செஞ்சது," என்றார் பெருமையாக. "ஞாயித்துக்கிழம வரைக்கும் ரெண்டயும் பிரிக்கக் கூடாதும்மா. தெனம் வெளக்கு வெக்கிற நேரத்துல ஒரு கை உப்பும் மொளவும் எடுத்து அது தலைல போட்டுடு. மறக்காத."

"எதுக்கு மாமா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

கிறிஸ்டினா மேல்பட்டாம்பாக்கத்துக்காரி. அவள் பிறந்த வீட்டார் லுத்தரன் சபை. அவர்கள் கோயிலில் வெறும் சிலுவைதான், சுரூபமே கிடையாது. கல்யாணமாகி வந்த பிறகு மாதாவுக்கும் அந்தோணியாருக்கும் ஒருவழியாகப் பழகிவிட்டாள். இந்த முகத்துக்குப் பழக முடியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க, பால் கொடுக்க எழுந்தபோதெல்லாம், அது தூளியைப் பார்ப்பதுபோல் இருந்தது. இன்னும் ஒன்றும் இருந்தது. ஈட்டி முதுகில் குத்தி நிற்கிறது, கால் அழுத்தி நிற்கிறது, ஆனால் அந்த முகத்தில் வலி இல்லை. சலூனில் முதுகு பிடித்துவிடும்போது கண் சொருகிக் கிடப்பவன் முகம்போல் இருந்தது அது.

செவ்வாய்க்கிழமை சைமன்ராஜ் ஷிப்டுக்குப் போன கையோடு அவள் சுரூபத்தைத் தூக்கினாள். முளை விடவில்லை. பல்லைக் கடித்து இழுத்தபோது, வாழைத்தண்டு முறிகிற சத்தத்தோடு பிரிந்தது. பசாசைச் சிமெண்ட் சாக்கில் போட்டுக் கட்டி, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அப்பால் இருந்த விறகு ஷெட்டில் வைத்துவிட்டு வந்து, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். உப்பு, மிளகு வேலையும் அதோடு மிச்சம்.

அன்று வேலை முடிந்து வந்து சைமன்ராஜ் கேட்டான். "கீழ இருந்தது எங்க?"

"பச்சப் புள்ளைக்கு எதிர்ல அது எதுக்குங்க. ஞாயித்துக்கிழம எடுத்துக் குடுத்துடறேன்."

"பெரியப்பா கேட்டா நீயே பதில் சொல்லிக்க," என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான். மைன்ஸ் தூசு அவன் காதுமடலில் அப்பியிருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் பாதித் தூக்கம்.

வியாழக்கிழமை சாயங்காலம் தை மாதப் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. தானே புயலில் தெருமரங்கள் சாய்ந்த மறு வருஷம் அது. நிழலுக்கு மரமில்லாத தெருவில் சோடியம் விளக்குகளின் மஞ்சள், பனியும் சாம்பலும் சேர்ந்த புகையில் ஊறிக் கிடந்தது. தூரத்தில் மைன்ஸ் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல், எந்நேரமும் கேட்பதால் யார் காதுக்கும் கேட்காத அந்த இரைச்சல், அன்றைக்கு அவளுக்குக் கேட்டது. எதிர்வீட்டில் ரசம் தாளிக்கிற வாசனை வந்தது. அதற்கடியில், நனைந்த பழுப்பு நிலக்கரி புகைகிற வாசனையும், அணைத்த மெழுகுவத்தியின் வாசனையும் கலந்து, பின்பக்கக் கதவின் இடுக்கு வழியாக மெல்ல உள்ளே வந்தன.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. பின்பக்கக் கதவில், கீழே, முழங்கால் உயரத்துக்கும் கீழே. டொக். டொக். நாயாக இருக்கும் என்று நினைத்தாள். பின்கட்டில் ஒரு நாய் மீன்தலைக்காக வருவது உண்டு. தூளிக்குத் துணி மாற்றிக்கொண்டே, சூ என்று சத்தம் கொடுத்தாள்.

தட்டுவது நின்றது. பிறகு, அவளுக்குப் பின்னால் பலகையிலிருந்து, மரத்தில் மரம் மோதுகிற அதே சத்தம் பதிலாக வந்தது. டொக். டொக்.

குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தாள். சம்மனசு பலகையில்தான் நின்றார். ஆனால் மறுபடி கதவைப் பார்த்து நின்றார்.

மறுநாள் துணி உலர்த்தும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜானகியம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை கணக்கு வைத்திருக்கிற பெண்மணி அவள்.

"ஊர்லேருந்து ஆளுங்க வந்துருக்காங்களா கிறிஸ்டினா?"

"இல்லீங்களே."

"நேத்து வெளக்கு வெச்சதுலேருந்து ரெண்டு ஆம்பளக் கொரலு. உன் வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போயிட்டாரேன்னு பாத்தேன்." ஜானகியம்மாள் சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "சிரிச்சிப் பேசிகினு இருந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சிப் பாத்துகிட்டவங்க மாதிரி."

கிறிஸ்டினாவின் கையில் ஈரத்துணி கனத்தது. கொடியைத் தாண்டி விறகு ஷெட்டைப் பார்த்தாள். சிமெண்ட் சாக்கு வாசலில் கிடந்தது. நான்காக மடித்து வைத்திருந்தது. ஷெட்டிலிருந்து பின்பக்கக் கதவுவரை தரையில் படிந்திருந்த சாம்பலில் ஓர் இழுத்த தடம். அந்தத் தடத்தின் முடிவில், கதவுப் படியோரம், தலையை மேலே திருப்பிக்கொண்டு அது கிடந்தது.

ஒரு முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் ஷெட்டில் போட்டுத் தாழ்போட்டாள். கையால் தொடவில்லை. உள்ளே வந்து பின்பக்கக் கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிச்சரட்டில் முடிந்துகொண்டாள். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாகவும் இருந்தது. படித்தவள், வேதப்புத்தகத்தில் பாதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள், மரக்கட்டைக்குப் பயந்து பட்டப்பகலில் நடுங்குகிறாளே என்று. சைமன்ராஜிடம் சொன்னாள். "பச்ச ஒடம்பு. தூக்கமில்ல. அதான்," என்று அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடினான்.

அன்று சாயங்காலம் அவள் விளக்குப் போட்டதும் பின்பக்கக் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் குழந்தை. எந்த நாயென்று பார்த்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தாள்.

தட்டவில்லை. பேசியது.

கதவுக்கு அந்தப்பக்கமிருந்து, ஈரம் கோத்த ஒரு குரல், கைக்குள் பொத்திப் பேசுவதுபோல்.

"புள்ள எப்படி இருக்குது?"

ஹாலிலிருந்து, சன்னமான, சுத்தமான ஒரு குரல். "நல்லாத் தூங்கிகினு இருக்குது."

"யாரு சாயல்?"

"இன்னும் யாரு சாயலும் வரல. அதுக்கு இன்னும் நாளு இருக்குது."

சிரிப்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். அதில் கோபமில்லை, மிரட்டலில்லை. ஒரே ஷிப்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தன அந்தக் குரல்கள். சைமன்ராஜ் ஊரின் பேச்சு. பள்ளமாகிப்போன அந்த ஊரின் பேச்சு.

"நான் எப்ப உள்ள வர்றது?"

"கொஞ்சம் பொறு," என்றது காவலுக்கு வந்தது.

அவள் ராயப்பனுக்குப் போன் போட்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"பிரிச்சிட்டியா," என்றார் அவர். கேள்வியாகக் கேட்கவில்லை.

"அவங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்கதானே மாமா?"

"மொதல்ல சண்டைக்காரங்கதான். ஆனா நூறு வருஷத்துக்கு மேல ஒருத்தர் மேல ஒருத்தர் நின்னுகினு இருக்காங்கம்மா. பக்கத்துல வேற யாரு இருக்கா அவங்களுக்குப் பேச? அதான் எங்க பாட்டன் காலத்துலேருந்து தெனம் உப்பும் மொளவும் போடறது. எரிஞ்சா அது கத்தும். அது கத்துனா இவரு அமுக்குவாரு. நாம எரிய வெக்கலன்னா சண்டைய மறந்துடுவாங்க."

"நான் போடலியே மாமா."

"நீ நாலு நாளாப் போடல." அவர் குரல் தேய்ந்தது. "ஊரு காலியானதுலேருந்து நாங்க யாருமே போடல. ஏழு வருஷமா என் வூட்டு மூலைல போர்வைக்குள்ளதான் இருந்தாங்க, ரெண்டு பேரும்."

பேசாமல் சம்மனசையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கெஞ்சினாள். காவலைப் பாதியில் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்றார். சேர்த்து வை, முளையை நன்றாக இறக்கு, கை நிறைய உப்பும் மிளகும் போடு, ஒரு தரம் கத்தட்டும், பழைய பகை ஞாபகம் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கொண்டுபோகிறேன் என்றார். வேலியே பயிரை மேய்வது பற்றி அவள் கேட்டிருக்கிறாள். வேலியைத் தட்டி நிமிர்த்த ஒரு பிடி உப்பு போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் போன பிள்ளையின் முகம் கண்ணில் வந்தது. பெரியவர் சொல்வதைக் கேட்காமல் ஏற்கெனவே ஒருமுறை ஆயிற்று. இரண்டாவது முறைக்கு அவளிடம் தைரியமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அவள் பூட்டைத் திறந்தாள்.

ஷெட்டுக்குப் போகத் தேவையிருக்கவில்லை. அது படியில் காத்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கினாள். மரம் சூடாக இருந்தது, அப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்த உடம்பின் சூடு. பலகையில் வைத்தாள். சம்மனசைத் தூக்கி மேலே வைத்தாள். அழுத்தத் தேவையிருக்கவில்லை. முளையைத் துளை தானாக இழுத்துக்கொண்டது.

உப்பு டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளினாள். மிளகு. மறுபடி உப்பு. கொம்பிலும் கன்னத்திலும் பட்டுப் பலகையெல்லாம் சிதறியது. "அதிதூதரான புனித மிக்கேலே, எங்களைக் காத்தருளும்," என்று சைமன்ராஜ் சொல்லிக் கேட்ட ஜெபத்தைத் தனக்குத் தெரிந்தவரை சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள்.

கத்தவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. சம்மனசு தூளியைப் பார்த்தபடி நின்றார். ஈட்டி நேராக இருந்தது. பக்கத்து வீட்டில் ஜானகியம்மாளின் டிவியில் யாரோ அழுதார்கள். குழந்தை தூளியில் தூங்கியது. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாம் வீடாகவே இருந்தது. நாற்காலி நாற்காலியாக, சுவர் சுவராக. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பிள்ளைக்குப் போடப்போகிற வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து வைத்தாள். அலெக்ஸ் என்பதுதான் பெயர். ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீர் படுவதற்கு முன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அவளும் சைமன்ராஜும் பேசி வைத்திருந்தார்கள். சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். பிறகு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள்.

குண்டாவில் தண்ணீர் பிடிக்கும்போது தூளிக் கயிறு முனகியது. கிறீச். சற்றுப் பொறுத்து, கிறீச்.

காற்று என்று நினைத்தாள்.

ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

குழாயை மூடினாள். சத்தம் நிற்கவில்லை. ஒரு பக்கம் போய், ஒரு நொடி நின்று, மறுபக்கம் வந்தது. யாரோ தள்ள, யாரோ வாங்கித் திருப்பித் தள்ளுகிற தாளம். கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் எங்கே என்று தேடினாள். இல்லை. பக்கத்து வீட்டு டிவியும் இல்லை. கயிறு மட்டும். காலுக்கடியில் தரை சில்லென்றிருந்தது. உப்பு நெறுநெறுத்தது. அடுப்படி வாசலில் எப்படி உப்பு?

ஹாலுக்கு வந்தாள்.

பலகை காலி.

ஈட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. வேலை முடிந்த ஆள் மண்வெட்டியைச் சாய்த்து வைப்பதுபோல்.

தூளிக்கு இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. தரையில் சம்மணம் போட்டு, எதிரெதிரே. நீலச் சிறகு மடங்கியிருந்தது. கறுத்த முதுகில் துளை திறந்திருந்தது. சம்மனசு தள்ளியது. பசாசு வாங்கியது. பசாசு தள்ளியது. சம்மனசு வாங்கியது. அவசரமே இல்லை அவர்களுக்கு. சண்டை போடவில்லை. பிள்ளையை இழுத்துக்கொள்ளவில்லை. பங்காளிகள்போல், பாதிப் பாதி.

பிறகு தூளியை நிறுத்தினார்கள். இருவரும் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாகத் துணியை விலக்கி, குனிந்தார்கள். ஒரு பெயர் சொன்னார்கள். ஒரே குரலில்.

அலெக்ஸ் இல்லை. அவள் எங்கும் கேட்டிராத பெயர்.

பிறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. கழுத்து நிற்காத பிள்ளை. அது தலையைத் தூக்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தது. துணியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு முகத்தைப் பார்த்தது, மறு முகத்தைப் பார்த்தது, கூப்பிட்டதற்கு ஏன் என்று கேட்பதுபோல்.

"அலெக்ஸ்," என்றாள் கிறிஸ்டினா. முதல்முறையாக வாய்விட்டு. "அலெக்ஸ். அலெக்ஸ். அம்மா இங்க இருக்கேன் சாமி."

பிள்ளை திரும்பவில்லை.

சம்மனசுதான் திரும்பியது. பவுடர் பூசிய முகத்தில் அவள்மேல் அத்தனை இரக்கம். உதட்டின்மேல் ஒரு விரலை வைத்து, சத்தம் போடாதே என்று அவளுக்கு ஜாடை காட்டியது. மற்றது மெதுவாகத் தூளியைத் தள்ளியது.